எங்கள் வீட்டில் மேனேஜ்

ஆங்கிலத்தில் எனக்கு ஆகாத வினைச்சொல் ஒன்று உண்டு: மேனேஜ். ஆலுவாவில் ஒரு டியூட்டோரியலில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பாடத்தில் இந்தச் சொல் வந்தால் பொருளை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுவேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி விடமாட்டாள். "டீச்சரே, ஒரு சென்டென்ஸ் பறயாமோ?" என்று வாக்கியம் கேட்பாள். எனக்குச் சுள்ளென்று வரும். அவள்மேல் என்ன தப்பு? இந்தச் சொல்லுக்கு என்னிடம் இருக்கிற வாக்கியங்கள் எல்லாமே எங்கள் வீட்டில் பேசியவை. அவற்றைக் கரும்பலகையில் எழுத எனக்கு மனசு வராது.

நாங்கள் மட்டாஞ்சேரியில் தெரு கூட்டுகிறவர்களுக்கான வரிசை வீடுகளில் இருந்தோம். எங்கள் ஆட்களை எப்போதோ இந்த வேலைக்கென்றே தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்து குடிவைத்தார்கள். அப்பாவும் அதே வேலைதான். எந்த அலுவலகம், எந்த வட்டம் என்பதெல்லாம் வேண்டாம். அங்கே இருந்தவர்களில் பலர் நல்லவர்கள். சொல்லப்போனால் அதுதான் சிக்கலே. கெட்டவர்களாக இருந்திருந்தால் எங்கள் கதை ஒரே மாதத்தில் முடிந்திருக்கும்.

அம்மா சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். ஆனால் மேனேஜ் அவள் வாயில் அரிசி பருப்பு மாதிரிப் புழங்கிய சொல். குழாயில் தண்ணீர் வரவில்லையா, மேனேஜ் பண்ணிக்கலாம். மழைக்குக் கூரை ஒழுகுகிறதா, பாத்திரத்தை வைத்து மேனேஜ் பண்ணிக்கலாம். மூன்று பேருக்கு ஆக்கிய சோற்றுக்கு ஐந்து பேர் வந்து உட்கார்ந்தால், அவள் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு வயிறு சரியில்ல, நீங்க மேனேஜ் பண்ணிக்கோங்க" என்பாள். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான் இருந்தது: யாரோ ஒருவர் விட்டுக்கொடுக்கப் போகிறார். யார் என்பது மட்டும் வெளியே சொல்லப்படாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் எழுந்து சாயா டம்ளரை எடுக்கப் போனவர், கை வரவில்லை என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பேச்சும் குழறியது. அரசு ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கால் ஓரளவு தேறியது. வலது கை தேறவில்லை. அவர் ஓய்வுபெற இன்னும் ஆறேழு வருஷம் இருந்தது.

எனக்கு மூத்தவள் ஒருத்தி, அக்கா. எங்கள் வரிசையிலேயே கல்லூரிக்குப் போன முதல் பெண் அவள். அப்போதுதான் பிரீ-டிகிரியில் சேர்ந்திருந்தாள். ஒரு மாட்டுவண்டி பாரம் புத்தகம் படித்துக் கலெக்டராகும் ஆசையெல்லாம் அவளுக்கு இல்லை. ஏதாவது ஒரு ஆபீஸில் அவள் பெயரில் ஒரு வேலை, அவ்வளவுதான். அதைப் பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

தெரு கூட்டுகிறவர்களை மேற்பார்க்கிற மேஸ்திரி அப்பாவைப் பார்க்க வந்தார். மலையாளி. அப்பாவோடு இருபது வருஷம் பழகியவர், அப்பாவைவிடக் கொஞ்சம் இளையவர். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் செத்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நீண்ட லீவு போட்டால் மேலே ரிப்போர்ட் போகும், டாக்டர் போர்டுக்குக் கூப்பிடுவார்கள், லாயக்கில்லை என்று எழுதி அனுப்பிவிடுவார்கள், வீட்டையும் காலி செய்ய வேண்டிவரும் என்று அவர் பயந்தார். அம்மா அழுதாள். அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"பேடிக்கண்ட. நமுக்கு மேனேஜ் செய்யாம்" என்றார். பயப்படாதே, நாம் மேனேஜ் செய்துகொள்ளலாம் என்று.

எங்கள் வரிசையில் இது புது ஏற்பாடு இல்லை. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவர் பெண்சாதியோ மகனோ துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவருடைய தெருவுக்குப் போவார்கள். காலையில் ஷெட்டில் பெயர் கூப்பிடும்போது வந்திருக்கிறவர் குரல் கொடுப்பார். மேஸ்திரி அடுத்த பெயருக்குப் போய்விடுவார். தெரு சுத்தமாக இருந்தால் யார் கூட்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு நாள், ஒரு வாரம் என்று எல்லோரும் செய்வதுதான். நாங்கள் அதை அப்பா ஓய்வுபெறும்வரை செய்யலாம் என்று முடிவு செய்தோம். வெளியார் யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. எங்களுக்கு அது ரொம்ப இயல்பாகத் தோன்றியது.

அம்மா போக முடியாது. சுக்குத் தூசியில் அவளுக்கு ஏற்கெனவே மூச்சு இழுக்கும். நான் எட்டாம் வகுப்பு. அக்கா போனாள்.

மேஸ்திரி அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். அப்பா இறங்கும் நாளில் தானே மேலே பேசி அந்த இடத்தில் அவளை ஏற்றிவிடுவதாகச் சொன்னார். அவர் பொய் சொன்னதாக நான் இன்றுவரை நினைக்கவில்லை. அக்கா அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் கல்லூரிக்குப் போவதை நிறுத்தினாள். அந்த வேலை என்றாவது தன்னுடையதாகும் என்று நம்பித்தான் அதைச் செய்தாள். இது தெரியாவிட்டால் அவளைப் பார்க்கிறவர்களுக்கு, வீட்டுக்காகத் தேய்ந்த இன்னொரு நல்ல பெண் என்றுதான் தோன்றும். அவள் அப்படி ஒன்றும் நல்ல பெண் இல்லை. கோபக்காரி. எனக்கு அவளிடம் பிடித்ததே அதுதான்.

விடியும் முன்னே ஷெட்டில் அப்பாவின் பெயரைக் கூப்பிடுவார்கள். அக்கா குரல் கொடுப்பாள். முதல் கொஞ்ச நாள் மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அப்புறம் அது பழகிவிட்டது. சிலர் விளையாட்டுக்கு அவளையே அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பஜார் ரோட்டில் மிளகு மூட்டை இறக்கும் ஆட்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒருமுறை நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது ஒரு சேட்டன் லாரி மேலிருந்து அப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்த, அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். நான் அவளைத் தாண்டி வேகமாகப் போய்விட்டேன்.

மேலிடத்து ஸார் பார்வையிட வரும் நாள்தான் பெரிய கண்டம். முந்தின நாளே சேதி வந்துவிடும். அன்று காலை அப்பாவுக்கு அம்மா காக்கிச் சட்டையை மாட்டிவிடுவாள். ஆட்டோவில் ஏற்றி, அவருடைய தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் படியில் கொண்டுபோய் உட்காரவைப்பார்கள். இடது கைக்குள் துடைப்பத்தின் கம்பைச் செருகுவார்கள். அக்கா ஏற்கெனவே தெருவைக் கூட்டி முடித்து, எதிர்க் கிடங்கில் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். ஜீப் வரும். மேஸ்திரி கூடவே நடந்துவருவார். அப்பா எழுந்து நின்று இடது கையால் சலாம் வைப்பார், துடைப்பம் கீழே விழும்.

"எந்தா இடத்து கையில்?" ஏன் இடது கையால் என்று ஒரு ஸார் ஒருமுறை கேட்டே விட்டார்.

"மூட்டை தட்டி தோள் சுளுக்கிப்போயி, ஸாரே" என்றார் மேஸ்திரி.

ஸார் தெருவை மேலும் கீழும் பார்த்தார். "தெரு நன்னாயிட்டுண்டு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அன்று வீட்டுக்கு வந்த அப்பாவின் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சி. அந்த வார்த்தையைக் குழறிக் குழறி அம்மாவிடம் இரண்டு மூன்று தடவை சொன்னார். அக்கா கால் கழுவிக்கொண்டிருந்தாள். "ஆமாமா, நல்லாத்தான் பெருக்குனீங்க" என்று சொல்லிவிட்டு வாளியைக் கவிழ்த்தாள். அவர் சிரித்தார். அது கேலி என்று அவருக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் நான் கல்லூரிக்குப் போய் ஆங்கிலம் எடுத்திருந்தேன். நூலகத்தில் ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது என்று சொல்கிற பெரிய அகராதி ஒன்று இருந்தது; வெளியே தரமாட்டார்கள், நின்றபடியே பார்க்க வேண்டும். ஒருநாள் மேனேஜ் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். அது குதிரையில் வந்திருந்தது! லத்தீனில் கைக்கு ஒரு சொல், மானுஸ். அதிலிருந்து இத்தாலிக்காரர்கள் கையாளுவதற்கு ஒரு சொல் செய்தார்கள், முக்கியமாகக் குதிரையைக் கையாளுவதற்கு. ஆங்கிலத்துக்கு அது வந்தபோதும் முதலில் குதிரை பழக்குவதுதான் அர்த்தம். முரட்டுக் குதிரையைக் கடிவாளத்தில் பிடித்து, வட்டத்தில் ஓடவிட்டு, தான் சொன்னபடி நடக்கவைப்பது.

எனக்கு அந்த இடத்திலேயே கோபம் வந்தது. யார் கையில் கடிவாளம் இருக்கிறதோ அவனுடைய சொல் இது. இதை எடுத்துவந்து அம்மா வாயில் யார் போட்டது? கூரை ஒழுகுகிறவளும் வயிறு காய்கிறவளும் சொல்லவேண்டிய சொல்லா இது? நூலகத்தில் சத்தம் போடக்கூடாது, அதனால் அகராதியை ஓங்கி மூடினேன். நூலகர் முறைத்தார்.

மறுநாள் திரும்பப் போய் மீதியைப் படித்தேன். வழியில் இந்தச் சொல்லோடு பிரெஞ்சுக்காரர்களின் வேறொரு சொல்லும் உரசியிருக்கிறது: குடித்தனம் நடத்துவதற்கு, உள்ளதைச் சிக்கனமாகச் செலவழிப்பதற்கு உள்ள சொல். அது கையிலிருந்து பிறந்ததல்ல, வீட்டிலிருந்து வந்தது. இரண்டும் ஒலியில் பக்கத்தில் இருந்ததால் ஒன்றின் வாசனை இன்னொன்றில் ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். எப்படியோ சமாளித்துத் தள்ளுவது என்ற பொருள் அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால், கடைக்குட்டியாக வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தது அந்தக் கடைக்குட்டிதான். குதிரைக்காரன் மேனேஜர் ஆகி ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

நம்முடைய சொற்களையும் விடவில்லை நான். மலையாளத்தில் கைகாரியம் செய்வது என்கிறார்கள். தமிழில் கையாளுவது. எல்லாவற்றிலும் கை இருக்கிறது. சமாளிப்பது எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரியவில்லை. வடக்கிலிருந்து வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். தமிழ் எழுத்தே நான் கல்லூரிக்கு வந்த பிறகு எழுத்துக் கூட்டிப் படித்ததுதான், அதனால் அடித்துச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அவள் துடைப்பத்துக்குப் புது ஈர்க்குக் கட்டிக்கொண்டிருந்தாள். குதிரை வரை பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப நான் குதிரையா, குதிரைக்காரனா?" என்றாள்.

"பரீட்சைக்குப் படிடீ, போ" என்று துரத்திவிட்டாள்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் அப்பா ஓய்வுபெற்றார். விழா வைத்தார்கள். அப்பாவுக்கு வேட்டி கட்டிவிட்டு முன்வரிசையில் உட்காரவைத்தோம். பொன்னாடை போர்த்தினார்கள். மேலிடத்திலிருந்து வந்த ஒருவர் பேசினார். வயதாக ஆக உடம்பைச் சாக்குச் சொல்லி லீவு போடுகிறவர்களைத்தான் தான் பார்த்திருப்பதாகவும், கடைசி வருஷங்களில் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்த இவரைப்போன்றவர்களைப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். விஷயம் தெரிந்தவர்கள்தான் அதிகச் சத்தமாகத் தட்டினார்கள், உள்ளபடியே சந்தோஷமாக. ஒருவரும் காட்டிக்கொடுக்காமல் கரைசேர்த்துவிட்ட சந்தோஷம். அக்கா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்று காலையும் அவள்தான் தெருவைக் கூட்டியிருந்தாள். அவளும் தட்டினாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தேன், உதறிவிட்டாள்.

மேஸ்திரி வாக்குக் கொடுத்தபடி மேலே பேசினார். நிரந்தர ஆள் எடுப்பதை நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது. திரும்பவும் போய்ப் பேசினார். எந்த நியாயத்தைச் சொல்லிக் கேட்பது? அக்காதான் இத்தனை வருஷம் கூட்டினாள் என்று சொன்னால் முதலில் போவது அவருடைய வேலை. அடுத்தது அப்பாவின் பென்ஷன். எங்கள் வீட்டுக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அவருக்குச் சாயா போட்டுக் கொடுத்தாள். அடுத்த வருஷம் அவரும் ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார்.

யாரோ பின்னொரு காலம் என்னிடம் சொன்னார்கள், அப்பாவை அன்றே உடம்பு லாயக்கில்லை என்று விலக்கியிருந்தால் பிள்ளைகளில் ஒருவருக்கு அந்த வேலை கிடைத்திருக்கும் என்று. உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. உண்மை என்று தெரிந்துவிட்டால் யாரோடு சண்டை போடுவது?

நாங்கள் குவார்ட்டர்ஸை விட்டுப் பக்கத்திலேயே வாடகை வீட்டுக்கு வந்தோம். அக்கா ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போனாள். ஒன்றிரண்டு வருஷம் கழித்து அதே அலுவலகத்தில் தினக்கூலிக்குத் தெரு கூட்ட ஆள் எடுப்பதாகச் செய்தி வந்தது. தற்காலிகம்தான், ஆனால் பின்னால் நிரந்தரமாக்க வாய்ப்பு உண்டு என்றார்கள். முன்பரிச்சயம் உள்ளவர்களுக்கு, அதாவது முன்பே இந்த வேலை செய்தவர்களுக்கு, முன்னுரிமை.

அக்கா கிளம்பிய காலையில் எங்களுக்குள் பெரிய சண்டை. "செஞ்சிருக்கேன்னு சொல்லு. எந்தத் தெரு, எத்தன வருஷம்னு எல்லாத்தையும் சொல்லு. வர்றது வரட்டும்" என்றேன்.

"அப்பாவோட பென்ஷன?"

"எல்லாத்தையும் மேனேஜ் பண்ணல? அதையும் பண்ணுவோம்."

அந்தச் சொல்லை நான் வேண்டுமென்றேதான் சொன்னேன். அக்கா என்னை அடிக்கிற மாதிரி பார்த்தாள். அப்பா சுவர் ஓரமாக உட்கார்ந்து எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகுத்துறையிலிருந்து படகில் எறணாகுளம் போனோம். நீண்ட வரிசை. ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்தவில்லை, வெளியே நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கண்டிப்பானவர் இல்லை. அக்காவின் பெயரைக் கேட்டார். அவள் பெயரைச் சொன்னாள். படிப்பைக் கேட்டார். பிரீ-டிகிரி பாதியில் நிறுத்தியதைச் சொன்னாள்.

"முன்பரிசயம் உண்டோ?"

நான் வாசலில் நின்று மனசுக்குள் சொல்லு, சொல்லு என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"இல்ல, ஸார்."

அவர் வருத்தப்பட்டார் என்றே நினைக்கிறேன். இது பார்க்கிற மாதிரி லேசான வேலை இல்லை, வெயிலும் மழையும் பார்க்க முடியாது, பழகாதவர்கள் ஒரு மாதத்தில் ஓடிப்போகிறார்கள் என்று மெதுவாக எடுத்துச் சொன்னார். அவளால் முடியுமா என்று கேட்டார்.

"நோக்காம், ஸார்" என்றாள் அக்கா. பார்க்கிறேன் என்று.

திரும்பி வரும்போது படகில் எனக்கு அவள்மேல் தாங்கமுடியாத கோபம். அவளைவிட அப்பா மேல், அம்மா மேல், ஊருக்குப் போய்விட்ட மேஸ்திரி மேல். நல்லவர்கள் அத்தனை பேர் மேலும்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். காலையிலிருந்து இதற்காகவே காத்திருந்த குரல்.

"முன்ன செஞ்சிருக்கியான்னு... கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன்."

அப்பா இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மூச்சு விட்டார். முகம் மலர்ந்துவிட்டது. அடுப்பங்கரையில் இருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "பொழச்சோம்" என்றார்.